அம்மம்மாவின் முத்துமாலை தம்பலகாமத்து முத்தா?

கேட்கப்பட்டது இதுதான்: திருகோணமலையில் பிறந்து வளர்ந்த அம்மம்மா, "தம்பலகாமத்து முத்து" என்று சொல்லிப் பேத்திக்கு ஒரு மாலை கொடுத்திருக்கிறார். ஒற்றைச் சரம், நடுவில் கடலை அளவு, இரு பக்கமும் குறுகிக் குறுகி மிளகு அளவு. பல வருடம் வங்கிப் பெட்டகத்தில் இருந்து இப்போது எடுத்தபோது மங்கி, மஞ்சள் பிடித்திருக்கிறது. அது உண்மையான முத்தா, எப்படித் துலக்குவது, சாத்திரியார் சொல்கிறார் என்பதற்காக அதிலிருந்து ஒன்றைக் கழற்றி வெள்ளி மோதிரத்தில் பதிக்கலாமா?

ஊரைப் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். கடலை அளவில், உருண்டையாக, ஒரு மாலைக்குக் காணும் அளவுக்குத் தம்பலகாமத்தில் முத்து எடுபட்டதில்லை. அம்மம்மா பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. திருமலைப் பக்கத்தில் முத்து என்றாலே தம்பலகாமம்தான் வாயில் வரும். மாலை வேறு எங்கிருந்தோ வந்திருக்கும், பேர் மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

தம்பலகாமத்தில் முத்தெடுத்தது உண்மை. கிண்ணியாப் பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால் விரிந்து கிடக்கிற உப்புநீர்ப் பரப்புத்தான் தம்பலகாமக் குடா. 2009இல் பாலம் வருவதற்கு முன் பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடந்தவர்களுக்கு அந்த நீர் நன்றாகப் பழக்கம். ஆழம் குறைவு, அடியில் சேறு. அந்தச் சேற்றின் மேல் படுத்துக் கிடப்பது பிளகூனா என்கிற சிப்பி. உள்ளங்கை அளவு, வட்டம், பப்படம் மாதிரித் தட்டை. வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓட்டுக்குள்ளால் வெளிச்சம் வரும். இதைச் சதுரமாக வெட்டி மரச்சட்டத்தில் பதித்துத்தான் கோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் பழைய வீடுகளுக்கு யன்னல் போட்டார்கள். கண்ணாடி விலையாக இருந்த காலம் அது.

இந்தச் சிப்பிக்குள்ளும் முத்து விளையும். ஆனால் முத்து எப்போதும் தன்னைப் பெற்ற ஓட்டின் உட்புறத்தைப் போலத்தான் இருக்கும். மன்னார்ச் சிப்பியின் உட்புறம் வானவில் நிறம் காட்டிப் பளபளக்கும், அதன் முத்தும் அப்படி. பிளகூனாவின் ஓட்டுக்கு அந்தப் பளபளப்பு இல்லை. ஆகவே தம்பலகாமத்து முத்து பொடியாக, கோணல்மாணலாக, ஒளி குறைந்ததாக இருந்தது. நகைக்குத் தேறியது கொஞ்சம்தான்.

அப்படியானால் எதற்கு அதை எடுத்தார்கள்? 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு இந்தக் குடாவைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர் மில்லியன் கணக்கில் சிப்பி அள்ளி, கிடைத்த பொடிமுத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அதில் பெரும்பகுதி நெருப்புக்குப் போனது. பணக்காரர் வெற்றிலைக்குச் சாதாரணச் சுண்ணாம்பு தடவ மாட்டார்களாம், முத்தைச் சுட்டெடுத்த சுண்ணாம்புதான். சித்த வைத்தியர்களுக்கு முத்து பஸ்பம் செய்யவும் முத்து வேண்டும். இன்னொரு வழக்கமும் பதிவாகியிருக்கிறது: வசதியான வீட்டுச் சாவில், வாய்க்கரிசிக்குப் பதிலாக இறந்தவரின் வாயில் முத்து இட்டார்கள். பெரும்பாலும் அரிசிமணி அளவுக்கு மேல் வளராத தம்பலகாமத்து முத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது. கழுத்தில் தொங்கி நாலு பேர் பார்த்த முத்தைவிட இந்தச் சுண்ணாம்பு முத்தின் கதை எனக்குச் சுவையாகப் படுகிறது. இந்தச் சிப்பியை ஆராய்ந்து, கடலுயிர் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் 1906இல் ஓர் அறிக்கையே எழுதியிருக்கிறார்.

திருமலைக்கும் முத்துக்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தில், கடல் அலை சந்தனத்தையும் அகிலையும் மணிகளையும் வாரிக்கொண்டு வந்து முத்தைக் கரையில் கொழிக்கிறது. கோணேசர் கோயில் நிற்கும் செங்குத்துப் பாறைக்குக் கீழே எட்டிப் பார்த்தவர்களுக்கு அலையின் சத்தம் நம்பும்படியாக இருக்கும். முத்து கொஞ்சம் கவிஞரின் தாராளம்.

சரி, பெரிய முத்து எங்கிருந்து வந்தது? மன்னார்தான். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக்கு எதிரே உள்ள பார்கள், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகள். ரோமரும் கிரேக்கரும் அறிந்திருந்த பார்கள் அவை. மறுகரையில் கொற்கை பாண்டியரின் முத்துத் துறை. கோவலன் வழக்கே முத்தால்தான் முடிந்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் தெறித்தது மாணிக்கம், அதோடு அரசன் உயிரும் போனது. முத்து பாண்டிநாட்டின் அடையாளம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

மன்னார்ச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, ஒவ்வொரு வருடமும் நடந்ததில்லை. சிப்பி விளைந்திருந்தால் அரசு நாள் குறிக்கும். ஆளில்லாக் கடற்கரையில் ஒரே கிழமையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டினம் எழும்பும். காலில் கல்லைக் கட்டி இறங்கும் முக்குவோர், கயிறு பிடிப்போர், செட்டிமார், அரபிகள், சாராய வியாபாரிகள், கூடவே கடல்கட்டிகள். கடல்கட்டி என்பவர் கரையில் நின்று மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் இல்லாமல் முக்குவோர் கடலில் இறங்க மறுத்தார்கள். ஆகவே ஆங்கிலேய அரசு, மந்திரத்தை நம்பாவிட்டாலும், அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிடுவார்கள். நாற்றம் பல மைலுக்கு வீசும். புழு அரித்து முடிந்ததும் அலசினால் அடியில் முத்து தங்கும். அதைத் துளை அளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். உருட்சியும் ஒளியும் குறையில்லாமல் அமைந்தால் ஆணிமுத்து. அதற்குக் கீழே பல தரம், கடைசியில் தூள். 1905இல் நடந்த சலாபத்தில் சுமார் 8 கோடிச் சிப்பி வந்தது. அந்த வருமானத்தைப் பார்த்த மயக்கத்தில் அடுத்த வருடமே ஒரு கம்பனி பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி வரவில்லை, கம்பனி நொடித்தது. 1925க்குப் பிறகு சொல்லும்படியான சலாபம் இல்லை.

இதற்கிடையில் யப்பானில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மிகிமோட்டோ என்பவர் 1893இல் சிப்பிக்குள் அரைமுத்து விளைவித்தார். 1920களில் யப்பானின் உருண்டை வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. சிப்பி ஓட்டில் உருட்டிய ஒரு மணியை, இன்னொரு சிப்பியின் சதைத்துண்டோடு சேர்த்து உள்ளே வைப்பார்கள். சிப்பி அந்த மணியின் மேல் முத்துப்பூச்சைப் படியவிடும். 1930 அளவில் இயற்கை முத்தின் விலை விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், யப்பானியர் பயன்படுத்திய சிப்பி மன்னார்ச் சிப்பியின் மிக நெருங்கிய சொந்தம். இரண்டையும் ஒரே இனமாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான் உங்கள் மாலை வருகிறது. நடுவில் பெரிதாகி இருபக்கமும் சிறுத்துப் போகும் ஒற்றைச் சரம் என்பது யப்பான் வளர்ப்பு முத்து உலகம் முழுவதும் விற்ற வடிவம். எங்கள் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற பழைய முத்துமாலைகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை ஒன்றில் யப்பான் முத்து, இல்லாவிட்டால் மீன்செதிற் சாறு பூசிய கண்ணாடி மணி. மன்னார் முத்து வருவது அபூர்வம். வந்தாலும் மாலையாக வராது. அட்டியலின் ஓரத்திலோ, தோட்டுக்குக் கீழேயோ, பதக்கத்திலோ சின்னச் சின்னதாகத் தொங்கிக்கொண்டுதான் வரும். உங்கள் மாலை எது என்று படம் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டிலேயே பாதி கண்டுபிடிக்கலாம்.

ஒரு முத்தை முன்பல்லின் விளிம்பில் மெதுவாக உரசுங்கள். கண்ணாடி, பிளாஸ்ரிக் என்றால் வழுக்கும். முத்து என்றால் மெல்லிய மணல் தட்டுப்படும். ஆனால் இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் இரண்டுமே மணல் தட்டும், ஆகவே இந்தச் சோதனை போலியைக் கழிக்க மட்டும்தான். அடுத்தது துளை. நகை செய்யும் பத்தர் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியை வாங்கித் துளை வாயை உற்றுப் பாருங்கள். கண்ணாடி மணி என்றால் வாயைச் சுற்றிப் பூச்சு உரிந்து தொங்கும். வளர்ப்பு முத்து என்றால் துளைக்குள் சற்று இறங்கியதும் ஒரு கோடு வட்டமாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே முத்துப்பூச்சு, உள்ளே மணி. மணிக்கும் பூச்சுக்கும் நிறம்கூடக் கொஞ்சம் வித்தியாசப்படும். இயற்கை முத்தில் அப்படி ஒரு எல்லை இராது, வெங்காயம் மாதிரி நடுவரை அடுக்குத்தான். பழைய முத்தில் துளை அழுக்கால் அடைத்திருக்கும். ஊசியால் கிண்ட வேண்டாம், வாய் சில்லுப் பெயரும்.

முடிவான தீர்ப்பு எக்ஸ்ரேயில்தான். கொழும்பில் தேசிய இரத்தின மற்றும் ஆபரண அதிகாரசபைக்குப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, தனியார் கூடங்களும் உண்டு. முத்துக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பீர்களா என்று முன்னரே கேட்டுவிட்டுப் போங்கள். வெறும் கண்ணால் பார்த்து "இயற்கை" என்று எழுதித்தரும் தாளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். நெருப்பில் காட்டுகிறேன், சூட்டூசி வைக்கிறேன், வினாகிரியில் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் மாலையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். வினாகிரியில் முத்து நுரைத்துக் கரையும்தான். அது நல்ல முத்து என்று தெரியும் நேரத்தில் முத்து இராது.

துலக்குவதற்கும் இதே காரணம் பொருந்தும். முத்தில் பெரும்பங்கு சுண்ணாம்புச் சத்து. சுவருக்கு நீற்றுகிற சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான், அடுக்கிய விதம்தான் வேறு. மிக மெல்லிய தகடுகள், இடையிடையே ஒட்டுகிற புரதம், கொஞ்சம் ஈரம். புளிப்பு எதுவும் அந்தத் தகடுகளை அரிக்கும். எங்கள் வீடுகளில் தைப்பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் நகை துலக்குவது எதனால்? புளி, தேசிக்காய், பூந்திக்கொட்டை, வெள்ளிக்கு விபூதி, இப்போது பற்பசை. பொன்னுக்குப் பரவாயில்லை. முத்துக்கு ஒன்றுகூட ஆகாது. புளியும் தேசிக்காயும் அரிக்கும், விபூதியும் பற்பசையும் கீறும். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் முத்து 2.5 முதல் 4.5 வரைதான்.

ஒரு பதக்கம் பார்த்திருக்கிறேன். சுற்றிவர முத்துக் கோத்த பழைய வேலை. கொக்கி அறுந்து ஒரு கடையில் ஒட்டக் கொடுத்திருக்கிறார்கள். முத்தைக் கழற்றாமலே தீ ஊதி, பிறகு கறுப்புப் போகத் திராவகத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது பொன் புதிதாக மின்னியது. முத்து சோக்குக்கட்டி நிறத்தில், விரலில் மா ஒட்டுகிற நிலையில் இருந்தது. அதை எதுவும் செய்து மீட்க முடியாது. முத்து உள்ள நகையைத் திருத்தக் கொடுத்தால், "முத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஒட்டவேணும்" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். நகைக்கடைகளில் அதிர்வுத் தொட்டியில் போட்டுக் கழுவித் தருவார்கள், அதுவும் வேண்டாம்.

மங்கின முத்தைக் கோழிக்கு விழுங்கக் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் கோழியை அறுத்து எடுத்தால் ஒளி திரும்பும் என்று ஒரு பழைய இலங்கைக் கைமுறை உண்டு. அது முழுப் பொய்யுமில்லை. கோழியின் வயிற்றுப் புளிப்பும் அரைகல்லும் சேர்ந்து மேல் அடுக்கைத் தேய்த்துவிடும், உள்ளே இருக்கும் புது அடுக்கு தெரியும். முத்து சிறுத்துவிடும், வளர்ப்பு முத்தாக இருந்தால் உள்மணியே வெளியே வரலாம். கோழியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மிக மென்மையான பருத்தித் துணி, பழைய வேட்டித்துண்டு என்றால் இன்னும் நல்லது, அதை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு முத்தாகத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குழந்தைச் சவர்க்காரம் ஒரு துளி, பிறகு வெறும் ஈரத்துணி. மாலையை முழுதாக ஊறவைக்க வேண்டாம். நூல் நனைந்தால் இழுபடும், காயாத நூல் துளைக்குள் கறுக்கும். துடைத்த பிறகு துணியின் மேல் நீட்டிப் படுக்கவைத்து ஓர் இரவு காயவிடுங்கள். தொங்கவிட வேண்டாம்.

மங்கல் அழுக்கால் வந்தது என்றால் இதிலேயே பாதி திரும்பும். மஞ்சள் போகாது. முத்தில் உள்ள புரதம் வயதோடு பழுக்கும் நிறம் அது, வெளுக்கப் பார்த்தால் முத்து கெடும். மன்னார் முத்துக்கு இயல்பிலேயே இளமஞ்சள் சாயல் உண்டு, ஆகவே மஞ்சளைக் குறை என்றே நினைக்க வேண்டியதில்லை. மேலே மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பெட்டகத்தின் காய்ந்த காற்றில் வருடக்கணக்கில் கிடந்த முத்துக்கு அது வரும். காற்றுப் புகாத பொலித்தீன் பையும் நல்லதல்ல. துணிப்பையில், மற்ற நகைகளோடு உரசாமல், அலுமாரியில் வையுங்கள். அடிக்கடி போடுங்கள். போட்டு எடுத்ததும் வியர்வை போகத் துடையுங்கள். தைலம், பவுடர், வாசனைத் திரவியம், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகுதான் முத்து, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவதும் முத்து. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் நிலாவெளிக் கடலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் கழுத்தில் அதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மோதிரக் கேள்வி. நவரத்தினத்தில் முத்து சந்திரனுக்கு உரியது. அதனால்தான் வெள்ளி, திங்கட்கிழமை, மனச் சாந்தி என்றெல்லாம் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் உங்கள் மாலையிலிருந்து கழற்றுவதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. சாத்திரத்துக்கு முத்துப் பதிப்பவர்கள் பலர் துளை போட்டதை ஏற்பதில்லை, மாலை முத்து எல்லாமே துளை போட்டது. அடுத்து, படிப்படியாகச் சிறுக்கும் சரத்தில் ஒன்றை எடுத்தால் இரண்டு பக்கமும் ஒத்துவராது, அதே அளவும் நிறமும் உள்ள இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கையில் போடும் மோதிரமோ முத்துக்கு மிக மோசமான இடம். சமையல், சவர்க்காரம், தேசிக்காய் எல்லாம் அங்கேதான். மோதிரம் வேண்டுமென்றால் துளையில்லாத வளர்ப்பு முத்து ஒன்று தனியாக வாங்கிப் பதியுங்கள், அதற்குப் பெரிய விலை இல்லை. அதைக்கூடச் சமைக்கும்போது கழற்றி வையுங்கள்.

கடைசியாக நூல். பல வருடம் கிடந்த நூலை நம்பி மாலையைப் போடாதீர்கள். பட்டுநூலில், ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போட்டுப் புதிதாகக் கோர்க்கச் சொல்லுங்கள். முடிச்சு இருந்தால் அறுந்தாலும் ஒன்றுதான் விழும், முத்தும் முத்தும் உரசாது. கொடுக்கும் முன் வீட்டில் மேசையில் நீட்டி வைத்து, முத்துக்களை எண்ணி, கொளுவியும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நூல் மாறுவதால் நிறை மயிரளவு வித்தியாசப்படும், எண்ணிக்கை மாறக்கூடாது. முடிந்தால் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கோர்த்து வாங்குங்கள். எந்த நல்ல பத்தரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.